மூன்று பேருக்கு ஒரு சட்டி சூப்

சமையலறையிலிருந்து சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது.

கரண்டியக்கா அப்போது உள் அறையில் முக்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாகக் குளிர்காற்று ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. பழைய போர்வையை நாடா நாடாவாகக் கிழித்து, கரண்டிக் காம்பால் அந்த இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டில் யாரோ எதையோ பொரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பதினேழு வருஷ அடுப்படி வாழ்க்கையில் அவளுடைய பாத்திரம் ஒன்றுகூட இப்படிக் கத்தியதில்லை.

பிறகுதான் கருகல் வாசனை வந்தது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். புதுச் சட்டி, அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத சட்டி, அடியில் தார் ஊற்றினாற்போல் கறுத்துக் கிடந்தது. கேரட்டும் பருப்பும் உருளைக்கிழங்கும் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கரியாகியிருந்தன. தண்ணீர் என்று ஒன்றை அதில் ஊற்றியதற்கான அடையாளமே இல்லை.

“நான் வச்ச சூப்பா இது?” என்று வாய்விட்டே கேட்டாள்.

ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் சமையலறையில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. ஒரு வேளைக்கு அறுநூறு தட்டு. ஆள் உயர அண்டாவைப் படகுத் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் கிண்டுவாள். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். அறுநூறு பேருக்கு உப்பு போட அவளுக்கு அளவு கோப்பை வேண்டாம், உள்ளங்கை போதும். அப்படிப்பட்டவள் மூன்று பேருக்குச் சூப் வைத்துக் கரியாக்கிவிட்டாள்!

கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. நான்கு மணிக்கு அவள் சாப்பிடக் கூப்பிட்டிருந்த இரண்டு பேரும் வந்துவிடுவார்கள்.

வேறு வழி தெரியாமல் போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டி தள்ளும் தம்பியைக் கூப்பிட்டாள்.

“தம்பி, மூணு பேருக்குச் சூப் வைக்கணும். எப்படி வைக்கிறது?”

“முந்நூறு பேருக்கா? இன்னிக்கு உங்களுக்கு லீவாச்சே அக்கா.”

“முந்நூறு இல்லப்பா. மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு.”

அந்தப் பக்கம் அவன் திரும்பி யாரிடமோ, “டேய், இங்க வாங்கடா, நம்ம கரண்டியக்காவுக்குச் சூப் வைக்கத் தெரியலையாம்!” என்று கத்துவதும், அந்த நிலவறையே கொல்லென்று சிரிப்பதும் கேட்டது.

“சிரிச்சு முடிச்சாச்சா? அடி பிடிச்சுக் கரியாப் போச்சுடா. சுவத்துல எழுதி ஒட்டியிருக்கோமே, ஒரு ஆளுக்கு இவ்வளவு காய், இவ்வளவு தண்ணின்னு, அதே அளவுதான் போட்டேன். நாப்பது நிமிஷம்தான் அந்தப் பக்கம் போனேன்.”

“நாப்பது நிமிஷமா! ஐயோ அக்கா, நம்ம அண்டான்னா நீங்க ஊருக்கே போயிட்டு வரலாம், அது பாட்டுக்குக் கொதிச்சிட்டுக் கிடக்கும். சின்னச் சட்டித் தண்ணி எவ்வளவு நேரம் தாங்கும்? அது கைக்குழந்தை மாதிரி. பக்கத்துலயே நிக்கணும். விட்டுட்டுப் போகக்கூடாது.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். போனை வைத்த பிறகும் கரண்டியக்கா அசையாமல் நின்றாள்.

ஏனென்றால் அவள் விட்டுவிட்டுப் போனவள்தான்.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் புருஷன் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தான். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கிடைத்த ஒரே வேலை அந்த ஆஸ்பத்திரிச் சமையலறை. அதிகாலை மூன்றரைக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும் என்பதால் ஊழியர் விடுதியில்தான் தங்க வேண்டும். விடுதியில் குழந்தைகளுக்கு இடமில்லை. புருஷனின் அக்கா, அவளுடைய நாத்தனார், “நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் பொழைக்கிற வழியைப் பாரு” என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வீட்டுக் கூடத்தில், விருந்தாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து தன் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். பாவாடை கட்டிக்கொண்டு ஓடி வந்த குழந்தை, பள்ளிக்கூடப் பையோடு வந்தது. பிறகு மூக்குக் கண்ணாடியோடு வந்தது. இப்போது இருபது வயதுப் பெண்ணாக, ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறது.

அடுத்த மாதம் நாத்தனார் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூரில் இருக்கும் மகனோடு போய்விடப் போகிறார். அந்தச் செய்தி வந்த மறுநாளே கரண்டியக்கா வீடு தேடத் தொடங்கினாள். மகளுக்காகத்தான். வேறு யாருக்காக? ஆனால் போனில் அவளால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: “ஒரு வீடு பார்த்திருக்கேன். ஒரு நாள் வந்து பாருங்க.” ‘வந்து என்னோடு இரு’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. பதினேழு வருஷம் வளர்க்காதவளுக்கு அப்படிக் கேட்க என்ன உரிமை இருக்கிறது? வீட்டைப் பார்த்து, பிடித்து, அவளாக இருக்கிறேன் என்று சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அந்த நாள்தான் இன்று.

இப்போது சூப்பும் இல்லை.

கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், ஒரு பூண்டு, ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடச் சிவப்புப் பருப்பு. அவ்வளவுதான். வேறொரு சிறிய சட்டியை எடுத்து வைத்தாள். இந்தத் தடவை கால் நகர்த்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டு அடுப்புக்கு முன்னால் காவல் நின்றாள்.

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது.

வெண்ணெயில் வெங்காயம் விழுந்து, முதலில் கண்ணாடி மாதிரி ஆகி, பிறகு ஓரத்தில் பொன்னிறம் ஏறியது. ஆஸ்பத்திரியில் வெங்காயம் மூட்டையாக வந்து மூட்டையாக வேகும். அது நிறம் மாறும் கணத்தை அவள் பார்த்ததே இல்லை. பூண்டைத் தட்டிப் போட்டாள். ஒரு மணம் எழுந்தது. எழுந்தது, போகவில்லை! நிலவறையில் தலைக்கு மேலே ராட்சச மின்விசிறிகள் எல்லா வாசனையையும் அந்த நொடியே உறிஞ்சித் தெருவில் கொட்டிவிடும். இங்கே அந்த மணம் சமையலறையைச் சுற்றி வந்தது, கூடத்துக்குப் போனது, உள் அறையை எட்டிப் பார்த்தது, எங்கேயும் வழியில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது. ஒரே ஒரு வெங்காயம். ஒரு வீடு முழுவதும் அதற்குப் போதுமானதாக இருந்தது.

பருப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அறுநூறு பேர் அண்டாவில் பருப்பு ஒரு கூட்டம். கூட்டத்துக்கு முகம் கிடையாது. இந்தச் சட்டியில் ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாகப் புரண்டு, தனித்தனியாக வாய் பிளந்தது. “அடேயப்பா” என்று குனிந்து பார்த்தாள். ஆவி அவள் முகத்தில் பட்டு, ஜன்னல் கண்ணாடியில் படிந்து, வெளியே இருந்த சாம்பல் நிறத் தெருவை மெல்ல மெல்ல அழித்தது. தெரு மறைந்தது. குளிர் மறைந்தது. உலகத்தில் மிஞ்சியது ஒரு அடுப்பும் அதன் நீலச் சுடரும்தான். வற்ற வற்ற அரைக் கோப்பை தண்ணீர், இன்னும் அரைக் கோப்பை என்று சுவர்க் கணக்கை மறந்து கண் கணக்கில் ஊற்றினாள். கேரட் கரைந்து சூப் பொன்னிறமானபோது, கோயிலுக்குள் நிற்பவளைப் போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

வாசலில் தட்டும் சத்தம்.

கதவைத் திறந்தால், நாத்தனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்று சுற்றுச் சுற்றிய கம்பளிச் சால்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

“யம்மா... யப்பா... ஏம்மா, வீடு பாருன்னா வானத்துலயா போய்ப் பார்ப்பே? இன்னும் ரெண்டு படி ஏறியிருந்தா நேரா எமன் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பேன்!”

“வாங்க அண்ணி. நாலு மாடிதான்.”

“நாலு மாடி‘தான்’கிற! உன் கால் இரும்பு. என் முட்டிக்கு வாரண்டி முடிஞ்சு பத்து வருஷமாச்சு.”

அவருக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். நீலக் கம்பளிச் சட்டை, வட்டக் கண்ணாடி, அவளுடைய அப்பாவின் நெற்றி.

“நல்லா இருக்கீங்களாம்மா?” என்றாள்.

உலகத்தில் பிள்ளைகள் எல்லாம் அம்மாவை ‘நீ’ போட்டு அதட்டுகிறார்கள். இந்தப் பெண்ணும் அத்தையை அப்படித்தான் அதட்டும். பெற்றவளை மட்டும் வங்கி மேலாளரிடம் பேசுவது போல் ‘நீங்க’ என்று மரியாதை வைத்துத் தள்ளி நிறுத்தியிருந்தது.

“நல்லா இருக்கேன்மா. உள்ள வாங்க, உள்ள வாங்க, குளிருது.”

உள்ளே வந்த நாத்தனார் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு மூலையில் ஒரு கட்டில். அதன் காலடியில் நான்காக மடித்த சிவப்புக் கம்பளி. கட்டிலுக்கு அடியில் செருப்பு, பெட்டி. தலைமாட்டில் ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு டம்ளர், ஒரு சீப்பு, மாட்டக்கூட இல்லாமல் சாய்த்து வைத்த கண்ணாடி. அந்தக் கட்டிலின் நீள அகலத்துக்குள் ஒரு முழுக் குடித்தனமும் அடங்கியிருந்தது. அதற்கு வெளியே ஒரு துரும்பு கிடையாது. விடுதியில் ஒரு ஆளுக்கு ஒரு கட்டில். கட்டிலைத் தாண்டி ஒரு செருப்பு வெளியே தெரிந்தாலும் வார்டன் கத்துவாள். பதினேழு வருஷம் அப்படி இருந்தவளுக்கு வீடு என்றால் அந்த அளவுதான் என்று கை பழகிவிட்டது. பாக்கி இடத்துக்கு அவள் மனதில் வேறு காரணம் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

“என்னம்மா இது, ரயில் பெர்த்துல குடித்தனம் பண்ற மாதிரி?” என்றார் நாத்தனார். “பாக்கி வீட்டை யாருக்கு வாடகைக்கு விட்டிருக்க? காத்துக்கா?”

கரண்டியக்கா சிரித்து மழுப்பினாள். மகள் உள் அறை வாசலில் போய் நின்றாள். துடைத்து விட்டாற்போல் வெறும் அறை. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“இந்த ரூம்ல ஒண்ணுமே இல்லையே?”

“இல்லம்மா.”

இதோ, இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். பிறகு தூசியே இல்லாத கதவு நிலையைத் துடைத்தாள். மகள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு, “நல்லா இருக்கு உங்க வீடு” என்றாள். ‘உங்க’ என்ற சொல் தரையில் சில்லறை விழுந்தது போல் கேட்டது.

இரவல் வாங்கிச் சமையலறையில் மடக்கி வைத்திருந்த மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் கரண்டியக்கா கூடத்தில் கொண்டுவந்து விரித்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்: “அடுத்த மாசம் முதல் தேதி நான் கிளம்பறேன். வீட்டுக்காரர் சாவியைக் கேட்டாச்சு. இவளுக்குத்தான் என்ன வழின்னு...”

“அத்தை, நானே சொல்றேன்.” மகள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “வேலைக்குப் போற பொண்ணுங்க விடுதி ஒண்ணுல ஒரு கட்டில் சொல்லி வச்சிருக்கேன்மா. நாளைக்குப் பதில் சொல்லணும்.”

ஒரு கட்டில்!

விடுதி இரும்புக் கட்டிலின் ஒவ்வொரு கிறீச்சும் கரண்டியக்காவுக்கு மனப்பாடம். தான் பதினேழு வருஷம் கிடந்து தேய்ந்த அந்த ஆறடியில், தன் பெண்ணும் போய்ப் படுக்கப் போகிறாளா? ஐயோ என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

“சூப் ஆறிடும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரொட்டியை வெண்ணெய் தடவி வாட்டினாள். இரண்டு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி மிளகைப் பொடித்துத் தூவினாள். ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். ரொட்டித் தட்டுகளோடு தட்டத்தில் வைத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். “சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க” என்றாள். திரும்பி நடந்து சமையலறைக்குள் போய், சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாடு மூடி போட்டுத்தான் போகும். வண்டியில் ஏறும், லிஃப்டில் ஏறும், மேலே எங்கேயோ மறையும். சமையலறை ஆட்கள் வார்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டுகள் திரும்பி வரும். அதுவரை நிற்க வேண்டும். கூட வேலை செய்பவர்கள் அடுப்போரம் நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். அது வயிற்றை நிரப்புவது, சாப்பிடுவது அல்ல. தன் கையால் ஆக்கியதை ஒருவர் உட்கார்ந்து, ஊதி, ருசித்துச் சாப்பிட்டு அவள் பார்த்துப் பதினேழு வருஷம் ஆகிறது. சமைத்தவள் உள்ளே நிற்க வேண்டும், தட்டு திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

கூடத்தில் கரண்டி கிண்ணத்தில் இடிபடும் சத்தம். பிறகு நாத்தனாரின் குரல்.

“மூடியெல்லாம் போட்டுக் கொண்டுவந்து வச்சுட்டு எங்கடி போனா உங்கம்மா?”

“வரமாட்டாங்க அத்தை. எப்பவும் இப்படித்தான், ஒதுங்கியே நிப்பாங்க.” மகளின் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் சின்ன வீடு, சுவருக்குக் காது தேவையில்லை. “நாம கிளம்பினாத்தான் அவங்களுக்கு நிம்மதி. நீ சாப்பிட்டு முடி, போயிடலாம்.”

கரண்டியக்கா கேட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் கேட்டாள். காலைப் பெயர்த்து அந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று உயிர் துடித்தது. கால் தரையில் அறைந்த ஆணியாக நின்றது.

நாற்காலி நகர்ந்தது. மகளே உள்ளே வந்தாள், கையில் கிண்ணம் வைத்த தட்டோடு.

“இதை எங்க வைக்கட்டும்?”

கரண்டியக்கா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கம் அவள் கண்ணைத் தட்டுக்கு இழுத்தது.

சூப் பாதிதான் குறைந்திருந்தது. ரொட்டியைச் சாப்பிடவே இல்லை. அதன் நடுப்பாகத்தை மட்டும் கிள்ளி எடுத்து, விரலால் உருட்டி, சின்னச் சின்ன உருண்டைகளாகத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தாள்.

கரண்டியக்கா தட்டை வாங்கினாள். கீழே வைக்கவில்லை.

“இந்தத் தட்டை எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்னம்மா?”

“பன்னண்டாவது வார்டு. ஜன்னலோரப் படுக்கை. இது மாதிரி ஒரு தட்டு முதல் தடவை திரும்பி வந்தப்போ, யாரு இப்படி ரொட்டியை வீணடிக்கிறாங்கன்னு கோவமா இருந்துச்சு. வண்டி தள்ற தம்பியை விட்டு விசாரிக்கச் சொன்னேன். உடம்பு சரியாகி, வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லி நாலு நாளாச்சாம். கூட்டிட்டுப் போக ஆள் வரலையாம்.” அவள் மூச்சு வாங்கினாள். “அதுக்கப்புறம் எத்தனை தட்டு பார்த்திருக்கேன்! வலி இருக்கிறவங்க தட்டு வேற. பயம் இருக்கிறவங்க தட்டு வேற. யாரும் வராதவங்க மட்டும்தான் ரொட்டியை உருட்டி உருட்டி ஓரத்துல அடுக்குவாங்க. ஒருத்தர் மூஞ்சிகூட நான் பார்த்ததில்ல. தட்டு பொய் சொல்லாதும்மா.”

அப்போதுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

“உனக்கு யாரு வரல?”

கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் குளமாகின. எத்தனை வருஷமாக அணை கட்டி வைத்திருந்தாளோ!

“நீங்கதான்!” என்று வெடித்தாள். “நீங்கதாம்மா வரல! மாசா மாசம் வந்தீங்க, உக்காந்தீங்க, போனீங்க. ஒரு தடவையாவது என்கூட வான்னு சொன்னீங்களா? வீடு பார்த்திருக்கேன்னு போன் பண்ணீங்க. நமக்குன்னு சொன்னீங்களா? வந்து பார்த்தா ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரே ஒரு டம்ளர்! எனக்கு இங்க எங்க இடம் இருக்கு?”

“அடிப் பைத்தியமே...”

கரண்டியக்கா தட்டை அப்படியே போட்டுவிட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி உள் அறைக்குப் போனாள்.

“அந்த மூலைதான் என்னோடது. பாக்கி எல்லாம் உன்னோடது. இந்த ரூம் முழுக்க உன்னோடது. இதுல நான் எப்படிடி கை வைப்பேன்? கட்டில் எந்தப் பக்கம் போடணும்னு எனக்குத் தெரியுமா? உனக்கு என்ன கலர் பிடிக்கும்னாவது தெரியுமா? மாசத்துக்கு ஒரு மணி நேரம் பார்த்தவ நான். தப்பா ஒண்ணை வாங்கிப் போட்டு, இது அம்மா வீடு, எனக்கு வேண்டாம்னு நீ சொல்லிட்டா? அதான் காலியா விட்டேன். கூட்டித் துடைச்சு, காலியா விட்டேன்.” ஜன்னலைக் காட்டினாள். “அதோ பாரு, துணி திணிச்சிருக்கேன். முதல்ல இந்த ஜன்னலைத்தான் அடைச்சேன், உனக்குக் குளிரக்கூடாதுன்னு. என் பக்கத்து ஜன்னலைத் தொடவே இல்ல.”

கூடத்திலிருந்து நாத்தனார் கத்தினார்: “அதானா! அப்போலேர்ந்து என் முதுகுல யாரோ கத்தி வச்சுக் குத்தற மாதிரி இருக்கேன்னு பார்த்தேன்!”

அழுதுகொண்டிருந்த மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். கரண்டியக்கா சிரிக்கவில்லை. இப்போது கேட்காவிட்டால் இந்த ஜென்மத்தில் கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“என்கூட இருக்கியாம்மா?”

கண்ணைத் திறந்து பார்த்தாள். மகள் அந்த வெறும் அறையின் நட்ட நடுவில், தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“பசிக்குது” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “சூப் இன்னும் இருக்கா?”

கரண்டியக்கா எப்படிப் போனாள், எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிண்ணம் நிறைய ஆவி பறக்க, ஒரு துண்டு ரொட்டியோடு கொண்டுவந்து மகளின் கையில் கொடுத்தாள். கொடுத்ததும் கால் தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. மகள் அவளுடைய ஸ்வெட்டர் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க போற? இங்கயே உக்காரு.”

உட்கார்ந்தாள்.

மகள் கிண்ணத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். ஆவி பட்டு அவளுடைய கண்ணாடி இரண்டு வட்டமாக வெளுத்துப்போனது. ஒன்றும் தெரியாமல், குருட்டாம்போக்கில் கரண்டியால் துழாவி, ஊதி, ஒரு வாய் விழுங்கினாள். அந்த வாய் தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது! கழுத்து அசைந்தது, பிறகு தோள் இறங்கியது. யாரோ அவள் முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல். இரண்டாவது வாய்க்குக் காது மடல் சிவந்தது. நான்காவது வாய்க்கு மூக்கு நுனியில் ஒரு முத்து வியர்வை முளைத்தது, இந்தக் குளிரில். கன்னம் நிறம் மாறியது. வெங்காயம் பொன்னிறமானதை விட மெதுவாக, அதைவிட அழகாக.

கரண்டியக்கா மூச்சு விட மறந்து பார்த்தாள். இதுவா? கேரட்டும் பருப்பும் தண்ணீரும் ஒரு மனுஷிக்குள் போய் இதையா செய்கிறது? ஒவ்வொரு நாளும், மூன்று வேளையும், அந்த மூடிகளுக்கு அப்பால், எங்கேயோ மேலே மாடிகளில், அறுநூறு முகங்களில் இதுதான் நடந்துகொண்டிருந்ததா? அறுநூறு தொண்டைகள், அறுநூறு ஜோடித் தோள்கள்! இத்தனை பெரிய ஒரு காரியத்தின் அடிவாரத்தில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், தலை நிமிர்ந்து பார்க்காமலேயே, என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“என்ன அப்படிப் பார்க்கிற?” மகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“சாப்பிடு. சும்மா பார்க்கிறேன்.”

“உப்பு கொஞ்சம் கம்மி.”

“ஆஸ்பத்திரிக் கைடி. நாளைலேர்ந்து கூடப் போடறேன்.”

சொன்ன பிறகுதான் ‘நாளைலேர்ந்து’ என்று சொல்லிவிட்டது உறைத்தது. பயந்துபோய் மகளைப் பார்த்தாள். மகள் கிண்ணத்தின் அடியை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் ஒரு உருண்டைகூட இல்லை.

“பச்சை” என்றாள் மகள்.

“என்ன பச்சை?”

“எனக்குப் பிடிச்ச கலர். திரைச்சீலை பச்சைல போடலாம். கட்டில் ஜன்னல் பக்கம் வேணாம், அந்தச் சுவரோரம் போடலாம்.” பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அத்தை! நான் இன்னிக்கே இங்க இருந்துடறேன்.”

நாத்தனார் அறை வாசலில் வந்து நின்றார். மகளை மேலும் கீழும் பார்த்தார்.

“மாத்துத் துணி?” என்றார்.

“அம்மாவோடதைப் போட்டுக்கறேன்.”

“போட்டுக்கோ, போட்டுக்கோ. ஏம்மா, பதினேழு வருஷம் நான் பொத்திப் பொத்தி வளர்த்தவ, ரெண்டு கரண்டிச் சூப்புக்குக் கட்சி மாறிட்டா பார்த்தியா!” சிரித்தபடி ஆரம்பித்த வாக்கியம் நடுவிலேயே உடைந்தது. சால்வை நுனியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கரண்டியக்கா எழுந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“அண்ணி, உங்களுக்கு நான்...”

“சும்மா இரு. நான் உன்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போன குழந்தை. பத்திரமாத் திருப்பிக் கொடுத்துட்டேன். என் தம்பிக்கு நான் பதில் சொல்லிக்குவேன்.” மூக்கைச் சிந்தினார். “ராத்திரி போர்வையை உதைச்சுத் தள்ளுவா, எழுந்து பார்த்துப் போர்த்தி விடணும். காலைல பால் குடிக்கலைன்னா விடாதே. வாய் ஜாஸ்தி, அது என் வளர்ப்பு, அதுக்கு நான் பொறுப்பில்ல. சரி, வெளிச்சம் இருக்கும்போதே நான் அந்த நாலு மாடியையும் இறங்கணும். ஏறினதுக்கே இன்னும் மூச்சு வரல.”

சால்வையை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார். மகள் அவரைக் கட்டிப்பிடித்தாள், விடவே இல்லை. “விடுடி, எலும்பு நொறுங்குது” என்று அதட்டிக்கொண்டே அவரும் விடவில்லை. பிறகு கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு புலம்பலாக இறங்கினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று மேலே பார்த்து, “வாசல்ல நின்னுட்டு என்ன வேடிக்கை? உள்ள போங்க ரெண்டு பேரும்!” என்று சத்தம் போட்டார்.

கால் சத்தம் தெருவரை இறங்கி ஓயும்வரை இருவரும் நின்றார்கள். படிக்கட்டிலிருந்து குளிர் ஏறி வந்து கால் விரல்களைக் கடித்தது.

“சாத்தும்மா, குளிர் உள்ள வருது” என்றாள் மகள்.

மழைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பியிருந்ததால் கதவு பாதியிலேயே சிக்கிக்கொண்டது. கரண்டியக்கா தோளைக் கொடுத்துத் தள்ளினாள், அசையவில்லை. மகளும் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து ஒன்றாகத் தள்ளியதும், கதவு ஒரு முனகலோடு நிலையில் போய்ப் பொருந்திக்கொண்டது.